பூட்டை மாற்றும் காலம்

கி.பி. 1586ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள சார்ட்லி மாளிகையில் ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரி சிறை வைக்கப்பட்டிருந்தார். 1568இல் அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்குள் வந்தவர், 18 ஆண்டுகளாகக் காவலிலேயே வாழ்ந்தார். கத்தோலிக்கரான அவரை ஆங்கில அரியணையில் அமர்த்த விரும்பியோர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்தனர். ஆகவே எலிசபெத் அரசியின் அமைச்சர்கள் அவர்மீது வைத்த கண்ணை எடுக்கவில்லை. வெளியுலகோடு பேச அவருக்கு எஞ்சியிருந்த வழி, மாளிகைக்கு வந்துபோன பீர்ப் பீப்பாய்! அதனுள் மறைத்து வைத்த கடிதங்கள் உள்ளே சென்றன. மறுமொழிகள் அவ்வழியே வெளியே வந்தன. கடிதங்கள் யாவும் சங்கேத எழுத்தில் எழுதப்பட்டவை.

அரசி நம்பிய இந்த வழியைத் திறந்து கொடுத்தவன் கில்பர்ட் கிப்போர்ட். குருத்துவப் பயிற்சி பெற்ற கத்தோலிக்கனாகிய அவன், எலிசபெத்தின் அமைச்சர் பிரான்சிஸ் வால்சிங்காமின் ஒற்றனாகவும் இருந்தான். பீப்பாயில் சென்ற ஒவ்வொரு கடிதமும் முதலில் வால்சிங்காமின் ஆட்களிடம் போயிற்று. முத்திரையைச் சேதமின்றிப் பிரித்து மீண்டும் ஒட்டுவதில் தேர்ந்தவர் ஆர்தர் கிரெகரி. சங்கேதத்தை உடைப்பதில் தேர்ந்தவர் தாமஸ் பெலிப்ஸ். எலிசபெத்தைக் கொன்று மேரியை விடுவிக்கும் திட்டம் ஒன்றை அந்தோணி பாபிங்டன் என்னும் இளைஞர் எழுதி அனுப்பினார். அதற்கு மேரி ஜூலை 17ஆம் நாள் விடை எழுதினார். பெலிப்ஸ் அதைப் படித்துவிட்டார். செப்டம்பரில் பாபிங்டனும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்டனர். 1587 பிப்ரவரி 8ஆம் நாள் ஃபாதரிங்கே கோட்டையில், தமது 44ஆம் வயதில், மேரி தலை வெட்டப்பட்டு இறந்தார்.

அரசியின் குற்றத்தையும் குற்றமின்மையையும் ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. கொலைத் திட்டம் ஒன்றுக்கு யார் இசைந்தாலும் அது பாவமே. நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது வேறொரு கேள்வி. இத்தனை எச்சரிக்கையோடு எழுதிய ஒருவரின் பூட்டு ஏன் இத்தனை எளிதில் திறந்துகொண்டது? குவாண்டம் கணிப்பொறி என்னும் புதிய கருவியை எதிர்நோக்கி உலகம் தன் பூட்டுகளை மாற்றத் தொடங்கியிருக்கும் இந்நாளில், அக்கேள்விக்கான விடை நமக்கும் உரியதாகிறது.

கையருகே இருந்த நல்ல பூட்டு

பாபிங்டனுக்கு எழுத மேரி பயன்படுத்திய சங்கேதத்தில் எழுத்துகளுக்கு 23 குறிகள் இருந்தன. அடிக்கடி வரும் சொற்களுக்கு 30க்கும் மேற்பட்ட தனிக் குறிகள் இருந்தன. படிப்பவரைக் குழப்புவதற்கென்றே பொருளற்ற குறிகள் சில சேர்க்கப்பட்டிருந்தன. பார்வைக்கு விளங்காததுதான். ஆனால் ஒரு மொழியில் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் வரும் என்பதை வைத்து, எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என எண்ணினாலே இத்தகைய சங்கேதம் உடையும். இவ்வழியை பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். 700 ஆண்டுகளாகப் பழுதுபட்டிருந்த பூட்டைத்தான் அரசி நம்பினார்.

அதைவிட நல்ல பூட்டு அப்போது இல்லையோ? இருந்தது. அதன் பிறப்பிடம் திருத்தந்தையின் அவை என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். கட்டடக் கலையிலும் கணிதத்திலும் சிறந்த லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி, திருத்தந்தையின் செயலகத்தில் பணியாற்றியவர். திருத்தந்தையின் செயலரான தம் நண்பர் லியோனார்தோ தாத்தியோடு வத்திக்கான் தோட்டத்தில் உலவியபோது சங்கேதங்களைப் பற்றிப் பேச்செழுந்தது. அதன் பயனாக 1466ஐ ஒட்டி ஆல்பெர்த்தி ஒரு சிறு நூல் எழுதினார். ஒரே கடிதத்தினுள் எழுத்துக்கான குறி இடையிடையே மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட உத்தி. ஒன்றினுள் ஒன்று சுழலும் இரு வட்டத் தகடுகளையும் அதற்கெனச் செய்து காட்டினார். குறி மாறிக்கொண்டே இருந்தால், எண்ணிப் பார்த்து உடைப்பவன் திகைத்துப் போவான். 1553இல் ஜொவான்னி பத்திஸ்தா பெல்லாசோ இக்கருத்தை வளர்த்து நூலாக வெளியிட்டார். அவ்வழி வந்த விஜெனேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் பெருநூல் அச்சேறிய ஆண்டு எதுவென்று கருதுகிறீர்கள்? 1586! அரசியின் கடிதம் பிடிபட்ட அதே ஆண்டு. அந்நூலால் புகழ்பெற்ற முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உடைக்க இயலாதது என்றே பெயர் பெற்றிருந்தது.

ஆக, நல்ல பூட்டு உலகில் இல்லாமையால் அரசி மாண்டுவிடவில்லை. 100 ஆண்டுகளுக்கும் மேலாக அது இருந்தது. பயன்படுத்தச் சற்றுக் கடினமானது. எழுத நேரம் பிடிப்பது. பிழை நேர்ந்தால் படிப்பவர் தடுமாறுவார். பழகிய பூட்டு கைக்கு எளிதாக இருந்ததால், மாற்றுவதை எல்லாரும் தள்ளிப் போட்டனர். அறிந்தவர் அறிந்தது ஓரிடத்திலும், தேவைப்பட்டவர் தேவை மற்றோரிடத்திலும் கிடந்தன.

இன்னும் ஒரு செய்தி உண்டு. பெலிப்ஸ் கடிதத்தைப் படித்ததோடு நிற்கவில்லை. அரசியின் கடித இறுதியில், அதே சங்கேதத்தில், அரசியே கேட்பதுபோல், திட்டத்தில் ஈடுபட்ட ஆறு பேரின் பெயர்களைத் தெரிவிக்குமாறு சில வரிகளைச் சேர்த்தார். பூட்டை உடைத்தவன் படிக்க மட்டுமன்றி, உரியவர் பெயரால் பொய்யாக எழுதவும் வல்லவனாகிறான். இவ்விரு தீங்குகளையும் நாம் மறவாதிருப்போம்.

காத்திருந்து படிப்பவர்கள்

அரசியின் வரலாறு 1587இல் முடியவில்லை. பாரிசில் உள்ள பிரான்சு தேசிய நூலகத்தில், 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த இத்தாலியச் செய்திகள் என்று தவறாகக் குறிக்கப்பட்ட தாள்கள் சில கிடந்தன. கணிப்பொறி அறிஞர் ஜார்ஜ் லாஸ்ரி, இசைக் கலைஞர் நோர்பர்ட் பியர்மன், இயற்பியலர் சதோஷி தொமோகியோ ஆகிய மூவரும் அவற்றை ஆராய்ந்தனர். மொழி பிரெஞ்சு என்று தெரிந்தது. எழுதியவர் சிறையில் இருக்கும் ஒரு பெண் என்று தெரிந்தது. இறுதியில் அவர் மேரியே என்று தெளிந்தது. 1578 முதல் 1584 வரை எழுதப்பட்ட 57 கடிதங்கள் அவை. பெரும்பாலானவை இலண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் காஸ்தெல்னோவுக்கு எழுதப்பட்டவை. முடிவுகள் 2023 பிப்ரவரியில் வெளியாயின. எழுதியவரும் பெற்றவரும் மண்ணாகி 400 ஆண்டுகள் கடந்த பின், மறைத்த சொற்கள் ஒளிக்கு வந்தன. வரலாற்றுக்கு அது பேறு. ஆனால் சங்கேதத்தில் எழுதிய கடிதம் உடைக்கப்படும் நாள்வரை பொறுமையோடு காத்திருக்கும் என்பதற்கும் அதுவே சான்று.

சற்று அண்மைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் ஒன்றியம் தன் தூதரகங்களுக்கு அனுப்பிய சங்கேதத் தந்திகளை அமெரிக்கர் சேர்த்து வைத்தனர். ஒரு தாளை ஒரே முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய முறை அது. விதிப்படி நடந்தால் உடைக்கவே இயலாது. ஆனால் போர்க்கால நெருக்கடியில் சில சங்கேதத் தாள்கள் இரு முறை அச்சிடப்பட்டுவிட்டன. 1943இல் தொடங்கிய அந்த ஆய்வு 'வெனோனா' என்னும் பெயரில் 1980 வரை நீடித்தது. 1940களில் அனுப்பிய செய்திகளைப் பல்லாண்டுகள் கழித்தும் படித்துக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 3,000 செய்திகள் முழுமையாகவோ பகுதியாகவோ படிக்கப்பட்டன. 1995இல்தான் அவை அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டன. இன்று விளங்காததைக் குப்பையில் எறியாமல், நாளை விளங்கும் என்று சேர்த்து வைப்பவர் அன்றும் இருந்தனர். பதிவு செய்து வைக்கும் செலவு மிகவும் குறைந்துவிட்ட இக்காலத்தில் அவர் தொகை பெருகியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

எண்களால் செய்த பூட்டு

நம் காலத்துப் பூட்டுகள் கணிதத்தால் ஆனவை. முன்பெல்லாம் இருவர் மறைவாகப் பேச வேண்டுமாயின், முதலில் சந்தித்து ஒரே சாவியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இத்தடையை 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவர் நீக்கினர். மறுஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் ஆர்.எஸ்.ஏ. என வழங்கும் முறையைக் கண்டனர். பிரித்தானிய அரசின் சங்கேதத் துறையில் எல்லிஸ், காக்ஸ், வில்லியம்சன் ஆகியோர் சில ஆண்டுகள் முன்னரே இதே கருத்துகளை எட்டியிருந்தனர்; அச்செய்தி 1997இல்தான் வெளியிடப்பட்டது.

ஆர்.எஸ்.ஏ. முறையின் உயிர்நாடி எளியது. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையை மட்டும் தந்து, அவ்விரு எண்களும் எவை என்று கேட்டால் விடை காண்பது மிகக் கடினம். பெருக்குத்தொகையை ஊரறிய வெளியிடலாம்; எவரும் அதைக்கொண்டு பெட்டியைப் பூட்டலாம்; பகா எண்களை அறிந்தவர் மட்டுமே திறக்கலாம். வங்கிக் கணக்கும், மருத்துவமனைக் குறிப்பும், அலைபேசியில் தாய் மகனுக்கு அனுப்பும் செய்தியும் இத்தகைய பூட்டுகளை நம்பியே நெடுங்காலம் பயணம் செய்துள்ளன.

1977இல் 129 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று அறிவியல் இதழ் ஒன்றில் அறைகூவலாக வெளியிடப்பட்டது. அதைப் பிரிக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என அன்று மதிப்பிட்டனர். 17 ஆண்டுகளே சென்றன! 1994 ஏப்ரலில், உலகெங்கும் இருந்த ஏறத்தாழ 600 தன்னார்வலர் தம் கணிப்பொறிகளைச் சேர்த்து, எட்டு மாதங்களில் அதைப் பிரித்துவிட்டனர். நன்கு கற்றவரும் காலத்தைத் தவறாகக் கணிக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? எண்ணின் நீளத்தைக் கூட்டி அப்போது தப்பித்துக் கொண்டோம்.

அதே 1994இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர், நீளத்தைக் கூட்டியும் தப்ப இயலாத வழியொன்றைக் கண்டார். அணுவுலகின் விதிகளைக்கொண்டு கணக்கிடும் கருவி ஒன்று அமையுமானால், அது பெரும் எண்களை விரைவில் பிரித்துவிடும் என்று நிறுவினார். அக்கருவி எல்லாச் சாவிகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும் என்று சிலர் சொல்வது சரியன்று. எண்களின் ஒரு குறிப்பிட்ட வரிசையில் மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு ஒன்று மறைந்துள்ளது. அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் நிற்பதுபோல், குவாண்டம் கணிப்பொறி தவறான விடைகளைத் தணித்து அந்த ஒழுங்கை வெளிக்கொணர்கிறது. ஒழுங்கு தெரிந்தால் பகா எண்கள் தெரிந்துவிடும். டிஃபி-ஹெல்மன் பூட்டும் இதே வழியில் திறக்கும்.

அத்தகைய வலிமையுள்ள கருவி இவ்வரிகளை எழுதும் வரை எங்கும் அமைந்ததாக அறிவிக்கப்படவில்லை. 2001இல் ஒரு குவாண்டம் கருவி 15 என்னும் எண்ணை 3, 5 எனப் பிரித்தது. சிறு பிள்ளையும் செய்வதுதான். ஆனால் மதிப்பீடுகள் இறங்கி வருகின்றன. இன்று பரவலாக வழங்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டு ஒன்றைத் திறக்க 'கியூபிட்' எனப்படும் அடிப்படை அலகுகள் 2 கோடி வேண்டும் என்று 2019இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெரோவும் கணக்கிட்டனர். 10 லட்சத்திற்கும் குறைவான அலகுகளால் ஒரு வாரத்திற்குள் முடியும் என்று 2025இல் கிட்னியே திருத்தினார். கருவி வளர்வது ஒருபுறமிருக்க, அதற்குத் தேவையான அளவும் குறைந்துகொண்டே வருகிறது.

புதிய பூட்டும் பணிவும்

இதனை உணர்ந்து அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2016இல் உலகின் கணித வல்லுநர்களை அழைத்தது. குவாண்டம் கணிப்பொறியாலும் திறக்க இயலாத பூட்டுகளைச் செய்து தாருங்கள் என்று கேட்டது. முதற் சுற்றில் 69 முன்மொழிவுகள் ஏற்கப்பட்டன. எவர் வேண்டுமானாலும் எவருடையதையும் உடைத்துப் பார்க்கலாம் என்பது இப்போட்டியின் சிறப்பு. சில முதல் நாள்களிலேயே உடைந்தன. 'சைக்' என்னும் முறையோ, பல சுற்றுகளைக் கடந்து, அடுத்த தேர்வுக்கும் நிறுத்தப்பட்டிருந்தது. 2022இல் பெல்ஜியத்தின் லூவைன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூட்டர் காஸ்ட்ரிக், தாமஸ் டெக்ரு ஆகிய இருவர், குவாண்டம் கருவி ஏதுமின்றி, சாதாரணக் கணிப்பொறி கொண்டே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதனை உடைத்துக் காட்டினர். வருங்கால அரக்கனுக்காகச் செய்த பூட்டு, பக்கத்து வீட்டு மனிதர் கையால் திறந்துகொண்டது! அந்தத் தோல்வி வெளிப்படையாக நேர்ந்தமைக்கு நாம் நன்றி கூற வேண்டும். மறைவில் நேர்ந்திருந்தால், நாம் அதை நம்பிக்கொண்டே இருந்திருப்போம்.

எஞ்சி நின்றவற்றுள் மூன்று முறைகள் 2024 ஆகஸ்ட் 13ஆம் நாள் தரங்களாக வெளியிடப்பட்டன. இவற்றுள் ஒன்று இருவருக்கிடையே சாவியை ஏற்படுத்துவதற்கு உரியது. இரண்டு மின்கையொப்பத்திற்கு உரியவை. பெலிப்சின் இரு தீங்குகளையும் நினைவில் கொண்டால், இரண்டும் ஏன் வேண்டும் என்பது விளங்கும். படிப்பவனை ஒன்று தடுக்கிறது. பொய்யாக எழுதுபவனை மற்றது தடுக்கிறது.

ஆல்பெர்த்தியின் தகடுகளைப் போலவே புதிய பூட்டுகளும் சற்றுச் சுமையானவை. பழைய முறை ஒன்றில் 32 பைட்டுகளில் அடங்கிய பொதுச்சாவி, புதிய முறையில் 1,184 பைட்டுகள் ஆகிறது. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைகள் சிறு சாவிகளை எதிர்பார்த்து எழுதப்பட்டவை; பலவற்றைத் திருத்தி எழுத வேண்டியுள்ளது. மேலும், புதியதை முற்றிலும் நம்பிவிடாமல், பழைய பூட்டையும் புதிய பூட்டையும் ஒரே கதவில் சேர்த்துப் போடும் முறையைப் பலர் கைக்கொண்டுள்ளனர். திருடன் உள்ளே வர இரண்டையும் திறந்தாக வேண்டும். 'சிக்னல்' செயலி 2023இலும் ஆப்பிள் நிறுவனத்தின் செய்திச் சேவை 2024இலும் இவ்வழியில் அடியெடுத்து வைத்தன. பழைய முறைகளை 2035க்குப் பின் முற்றிலும் கைவிட வேண்டும் என்று அமெரிக்க நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வரைவு கூறுகிறது.

கருவியே வராத நிலையில் இத்தனை பரபரப்பு எதற்கு என்று கேட்கலாம். கனடா நாட்டுக் கணித அறிஞர் மைக்கேல் மோஸ்கா இதற்குச் சிறிய கணக்கு ஒன்று சொல்கிறார். நம் இரகசியம் எத்தனை ஆண்டு காக்கப்பட வேண்டும்? பூட்டுகளை மாற்றி முடிக்க எத்தனை ஆண்டு ஆகும்? இரண்டையும் கூட்டுங்கள். கருவி வருவதற்குள்ள ஆண்டுகளைவிட அது மிகுமானால், ஏற்கெனவே காலம் தாழ்த்திவிட்டோம் என்பது பொருள். எடுத்துக்காட்டாக, ஒரு நோயாளியின் குறிப்பை 25 ஆண்டுகள் காக்க வேண்டும்; பூட்டை மாற்ற 10 ஆண்டுகள் ஆகும் எனக் கொள்வோம். கருவி 20 ஆண்டுகளில் வந்தால், பழைய பூட்டில் கடைசியாகச் சென்ற குறிப்பு 15 ஆண்டுகள் திறந்த வெளியில் கிடக்கும். சேர்த்து வைத்தவனின் பெட்டியிலிருந்து அதைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

பிறர் நம்மிடம் ஒப்படைத்தவை

இது வல்லரசுகளின் கவலை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. தீராத நோயைத் தன் ஊராருக்குச் சொல்ல இயலாதவர், வலியவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், உயிருக்கு அஞ்சி ஓடி ஒளிந்தவர், தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தை ஆகியோரின் இரகசியங்கள் பிறர் கையில் உள்ளன. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் இல்லங்களையும் நடத்தும் நம் திருச்சபையின் கையிலும் உள்ளன. நாம் அவற்றின் உரிமையாளர் அல்லர், காவலரே.

திருச்சபை இதை அறியாததன்று. ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்டதை எவ்வகையிலும் வெளிப்படுத்தலாகாது என்று அதன் சட்டம் விதிக்கிறது. மறைமாவட்டத்தில் இரகசிய ஆவணக் காப்பகம் ஒன்று இருக்க வேண்டும், அதன் சாவி ஆயரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. மறைவாக நிறைவேற்றப்பட்ட திருமணமும் அங்குள்ள தனிப் பதிவேட்டிலேயே எழுதப்பட வேண்டும். இரும்புப் பெட்டியின் சாவி ஒருவர் கையில் இருந்தால் அன்று போதுமாயிருந்தது. இன்று அதே செய்தி கம்பி வழியே அனுப்பப்படுமானால், அதன் சாவி ஓர் எண்; அந்த எண்ணை ஒரு கருவி கண்டுபிடித்துவிட்டால், சாவி எத்தனை பேர் கையில் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? இரகசியம் என்பது குற்றத்தை மூடும் போர்வையாக மாறிய துயரங்களையும் நாம் அறிவோம். அதற்காக இங்கு வாதிடவில்லை. எளியவர் நம்மை நம்பித் தந்ததைக் காப்பதற்கே வாதிடுகிறோம்.

கணித வல்லுநர் செய்ய வேண்டியதைச் செய்து வருகின்றனர். நிறுவனங்களை நடத்துவோர் செய்ய வேண்டியவையும் உண்டு. எந்தச் செய்தி எத்தனை ஆண்டுகள் காக்கப்பட வேண்டியது என்று பட்டியலிடுவது முதற் படி. எந்த இடத்தில் எந்தப் பூட்டு இருக்கிறது என்று கேட்டறிவது அடுத்தது. வாங்கும் கருவிகளில் நாளை பூட்டை மாற்ற இயலுமா என்று முன்கூட்டியே கேட்பது மற்றொன்று. தேவையற்றதைச் சேர்த்து வைக்காதிருப்பது எல்லாவற்றிலும் எளியது. இல்லாத கடிதத்தை எவரும் உடைக்க முடியாது. இவற்றுக்கு அறிவியல் பட்டம் வேண்டியதில்லை, அக்கறை வேண்டும்.

ஆண்டவர் சொன்ன பத்துத் தோழியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் உறங்கினர். மணமகன் வரும் நேரம் எவருக்கும் தெரியாது. ஐவர் எண்ணெயை முன்னரே எடுத்து வைத்திருந்தனர் என்பதுதான் வேறுபாடு. நள்ளிரவில் கடைக்கு ஓடியவர் எண்ணெய் வாங்கினார்களோ இல்லையோ, திரும்பி வந்தபோது கதவு அடைக்கப்பட்டிருந்தது.

குவாண்டம் கணிப்பொறி வரும் நாளையும் வேளையையும் நாம் அறியோம். அதற்கான பூட்டுகள் இன்று கடையில் உள்ளன. 1586ஆம் ஆண்டு சார்ட்லி மாளிகையில் ஓர் அரசி பழைய சங்கேதத்தில் எழுதிக்கொண்டிருந்த அதே வேளையில், நல்ல பூட்டைப் பற்றிய நூல் அச்சாகிக்கொண்டிருந்தது. அது அவர் கைக்கு எட்டவில்லை. நம் கைக்கு எட்டியிருக்கிறது. நம்மை நம்பியவர்களின் பொருட்டு அதை எடுத்துப் பூட்டுவோமாக.